தெருவுக்கு அடியில் ஓர் ஓடை

கேள்வி: மகன் வீட்டுக்குச் சிட்னி போயிருந்தோம். நகரின் நடுவே தெருவுக்கு அடியில் ‘டேங்க் ஸ்ட்ரீம்’ என்று ஒரு பழைய மழைநீர்க் கால்வாய் ஓடுகிறதாம், அதைப் பாரம்பரியச் சின்னமாகக் காப்பாற்றுகிறார்களாம். சாக்கடைக்கு எதற்கு இத்தனை மரியாதை?
(வாசகி, திருச்சி)

பதில்: அது இல்லையென்றால் சிட்னி அந்த இடத்தில் இருந்திருக்காது. 1788இல் கைதிகளோடு வந்த பிரிட்டிஷ் கப்பல்கள் முதலில் நின்றது பாட்டனி விரிகுடாவில். அங்கே நல்ல தண்ணீர் போதாது என்று ஆளுநர் ஆர்தர் பிலிப் வடக்கே தேடிப்போய், இந்த ஓடை கடலில் விழும் இடத்தில் குடியேற்றத்தை அமைத்தார். அந்த மண்ணின் பூர்வகுடிகளான கடிகல் மக்கள் காலங்காலமாகக் குடித்துவந்த தண்ணீர் அது. 1790இல் மழை பொய்த்ததும் ஓடையோரப் பாறையில் தொட்டிகள் வெட்டினார்கள். அப்புறம் நமக்கும் பழகிப்போன கதைதான். கரையெல்லாம் பன்றிக் கொட்டில், குப்பை. அசுத்தம் செய்தால் வீட்டை இடிப்போம் என்று உத்தரவு போட்டும் யாரும் கேட்கவில்லை. 1826இல் குடிக்க லாயக்கில்லை என்று கைவிட்டார்கள், கொஞ்ச காலம் திறந்த சாக்கடையாகக் கிடந்தது, 1860 வாக்கில் மூட ஆரம்பித்தார்கள். இன்று அதில் போவது மழைநீர்.

கேள்வி: அந்தப் பழைய கால்வாயைப் பழுது பார்க்க, இடிந்த இடத்தில் சிமென்ட் பூசினால் வேலை முடிந்ததே?
(வாசகர், மதுரை)

பதில்: அங்கேதான் சிக்கலே. உள்ளே பல இடங்களில் மணற்கல்லும் செங்கல்லும். வெள்ளம் அடித்து அடித்து முதலில் அரிபடுவது கற்களுக்கு இடையிலுள்ள காரைதான். அந்தச் சந்தில் சிமென்ட்டை அடைத்தால் அது கல்லைவிடக் கெட்டியாகிவிடும், ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் தங்கும், உப்பு பூத்து, கல் முகம் செதில் செதிலாக உதிரும். அதனால்தான் இந்த மாதிரி பழைய கட்டுமானங்களில் சுண்ணாம்புச் சாந்து, அதுவும் தண்ணீர் பட்டாலும் இறுகும் வகை. சாந்து தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், கல் போனால் போனதுதான். சில பகுதிகள் முட்டையைத் தலைகீழாக நிறுத்திய வடிவில் இருக்கும், கீழே குறுகலாக இருப்பதால் கொஞ்சம் தண்ணீர் வந்தாலும் வேகமாக ஓடி வண்டலைத் தள்ளிவிடும். வழவழப்பாக இருக்கட்டும் என்று அங்கே கண்டபடி கனமாகப் பூசினால் அந்தக் கணக்கும் கெடும்.

இத்தனையும் வானம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. மேலே மழை பிடித்தால் தெருத் தண்ணீர் முழுக்க உள்ளே பாயும், ஆட்கள் உடனே ஏறிவிட வேண்டும். இறங்கும் முன் காற்றில் விஷவாயு இருக்கிறதா என்று சோதிப்பதும் கட்டாயம்.

கேள்வி: சியோலில் செய்ததுபோல் மேலே திறந்து ஓடையாக்கலாமே?
(வாசகர், கோவை)

பதில்: ஆசைதான். சியோலின் சியோங்கியசியோன் ஓடைக்கு மேலே நின்ற மேம்பாலச் சாலையை இடித்து, சுமார் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு 2005இல் திறந்தார்கள், சரி. ஆனால் அங்கே ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் நதியிலிருந்து பம்ப் வைத்து ஏற்றுவது. சிட்னியில் டேங்க் ஸ்ட்ரீம் ஊற்றெடுத்த சதுப்பு நிலமே கட்டடங்களுக்கு அடியில் போய்விட்டது. திறந்தால் வெயில் நாளில் ஈரக் கோடுதான் தெரியும். அதைவிட, இன்றைக்கும் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகிற கால்வாயாகவே பழுது பார்த்து வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: உள்ளே போய்ப் பார்க்க விடுவார்களா?
(அதே திருச்சி வாசகி)

பதில்: எப்போதாவது விடுவார்கள், அதுவும் குலுக்கலில் பெயர் வந்தால். மகனை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு மழை பெய்தால் யாரையும் இறக்க மாட்டார்கள்.