சுடுதண்ணீர் – கடிதம்

வணக்கம் ஐயா,

கோத்தகிரியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒரு மாணவி கட்டுரையில் ‘சுடுதண்ணீர்’ என்று எழுதியிருந்தாள். ‘தண்’ என்றால் குளிர்ச்சி, குளிர்ந்த நீர் எப்படிச் சுடும், ‘வெந்நீர்’தான் சரி என்கிறார் சக ஆசிரியர். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சுடுதண்ணிதான். எது சரி?

– ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாணவி எழுதியது சரி. மதிப்பெண் குறைத்திருந்தால் கொடுத்துவிடுங்கள்.

தண் என்ற அடை நீரோடு ஒட்டி வெகுகாலம் ஆகிவிட்டது. இன்று தண்ணீர் என்றால் நீர், அவ்வளவுதான். எள்ளின் நெய்தான் எண்ணெய். ஆனால் தேங்காயெண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம், யாரும் அதில் எள்ளைத் தேடுவதில்லை. இங்கே கொடைக்கானலில் மார்கழிக் காலையில் டீக்கடையில் குடிக்கத் தண்ணீர் கேட்டால், “சுடுதண்ணியா, பச்சைத்தண்ணியா?” என்றுதான் கேட்பார்கள். பச்சை என்றால் அடுப்பில் ஏறாதது, பச்சைப்பால் மாதிரி. குளிர்ந்ததுதான் வேண்டும் என்றால் ஜில் தண்ணி. தண் உள்ளேயே இருக்க, அதன் வேலையைச் செய்ய ஜில்லைக் கூப்பிடுகிறோம். வெந்நீர் அருமையான சொல், அதையும் கற்றுக்கொடுங்கள். அதற்காகச் சுடுதண்ணீரை அடிக்க வேண்டியதில்லை.

என் வருத்தமெல்லாம் அந்தத் தண் பற்றித்தான். தண்ணீருக்குள் ஒடுங்குவதற்கு முன்னால் அது எவ்வளவு பெரிய சொல்! வெயில் காயும் நாட்டில் குளிர்ச்சி என்றாலே சுகம், அருள். தண்ணளி என்றால் கருணை. குடிகளுக்கு நிழல் தரும் அரசனின் குடை தண்குடை. தமிழே தண்டமிழ். அறவோர்க்கு வள்ளுவர் சொல்லும் ‘செந்தண்மை’ (குறள் 30) எல்லா உயிர்மீதும் வைக்கும் அருள். காமத்துப்பாலுக்குப் போனால், விலகினால் சுட்டு, நெருங்கினால் ‘தண்ணென்னும்’ தீயை இவள் எங்கே பெற்றாள் என்று தலைவன் வியக்கிறான் (1104). இந்தச் சுகம் வெறும் குளிரில் வராது. உங்கள் பக்கம் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிக் கிடக்கும் காலையைத் தண்ணென்றிருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? அது குளிர், பனி. தண் வேறு.

அப்புறம் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தண்மை என்றால் தாழ்வு, தண்ணியர் என்றால் கீழானவர். காட்சிக்கு எளியவனாக இல்லாமல், ஆராய்ந்து முறைசெய்யாமல் இருக்கும் மன்னவன் ‘தண்பதத்தான் தானே கெடும்’ என்கிறது 548ஆம் குறள். அங்கே போய்க் குளிர்ச்சி என்று பொருள் எடுத்தால் குறளே கவிழ்ந்துவிடும். தாழ்ந்த நிலையில் நின்று, பகைவர் யாரும் வராமலே தானாகக் கெடுவான் என்பதுதான் பொருள். மேல்வகுப்பு கிடைத்தால் இந்த மூன்று குறளையும் ஒரே பாடவேளையில் அடுத்தடுத்து நடத்திப் பாருங்கள். பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.