முதன்முறை வெளிநாடு போகிறேன்: காசை எங்கே, எப்படி மாற்றினால் நட்டம் குறையும்?

கேட்டவர் முதன்முறையாகச் சிங்கப்பூருக்குப் போகிறாராம். டொலரை இங்கே வங்கியில் வாங்கிக்கொண்டு போவதா, அங்கே இறங்கிய பிறகு வங்கி அட்டையைப் போட்டு எடுப்பதா, எதில் நட்டம் குறைவு என்று கேட்கிறார். திருகோணமலையில் 31 வருடம் கணிதம் படிப்பித்து, அதில் பெரும் பங்கை நூற்றுவீதக் கணக்கிலேயே கழித்தவள் நான். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொத்தானை அமத்தி 6,300 ரூபாவைத் தொலைத்த கதையை, என் பழைய மாணவர் எவரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்ற துணிவில் எழுதுகிறேன்.

உங்களுக்கும் அங்கே ஒரு பிள்ளையோ மருமகனோ இருப்பார்கள், பெட்டியில் பாதி மிளகாய்த்தூளும் பனங்கட்டியுமாக இருக்கும், கொண்டுபோவது எண்ணி வைத்த காசாக இருக்கும் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். கம்பனிச் செலவில் போகிறவருக்கு இந்தப் பதில் தேவைப்படாது.

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நானும் கணவரும் மகளைப் பார்க்கப் போனோம். அமெரிக்க டொலர் 300 ரூபாவைச் சற்றுக் கடந்தும், சிங்கப்பூர் டொலர் 225 ரூபாவை ஒட்டியும் நின்ற காலம் அது. நகரிலுள்ள ஒரு வங்கிக் கிளையில் சிங்கப்பூர் டொலர் கேட்டபோது, அந்தத் தாள்கள் கையிருப்பில் இல்லை, அமெரிக்க டொலர் தரலாம், அதற்குக் கடவுச்சீட்டு, விமானச் சீட்டு, விசா மூன்றின் பிரதியும் வேண்டும் என்றார்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் குறுகிய காலப் பயணமாகச் சிங்கப்பூருக்குப் போக முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. இல்லாத விசாவின் பிரதிக்காக என்னை மூன்று தரம் அலையவைத்த பிறகுதான், உள்ளேயிருந்த அதிகாரி ஒருவர் கணினியில் பார்த்துத் தலையாட்டினார். சித்திரை முதல் ஆவணி வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெள்ளைக்காரர் டொலரும் யூரோவும் மாற்றித் தள்ளுகிற ஊர் இது. அந்த ஊர்க்காரி தன் சொந்தச் சேமிப்பில் 300 டொலர் கேட்டால் ஏதோ களவுக்கு வந்தவளைப் போலப் பார்த்தார்கள் என்பதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. நிற்க.

அங்கே காத்திருந்த நேரத்தில் வங்கியின் நாணய விலைப் பலகையைப் படித்ததுதான் எனக்குக் கிடைத்த நன்மை. அமெரிக்க டொலருக்கு வாங்கும் விலை 299, விற்கும் விலை 308 என்று இருந்தது. அந்தச் சொற்கள் இரண்டும் வங்கியின் பக்கம் நின்று சொல்லப்பட்டவை: நாம் டொலரைக் கொண்டுபோனால் வங்கி 299க்கு வாங்கும், நாம் கேட்டால் 308க்கு விற்கும். "தரகு இல்லை" என்று ஒரு கடை எழுதி வைத்திருந்தால் அதைக் கண்டு மகிழ வேண்டாம், ஏனென்றால் கூலி முழுவதும் அந்த 9 ரூபா இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது. இங்கே அமெரிக்க டொலராக்கும்போது ஓர் இடைவெளி, அங்கே அதைச் சிங்கப்பூர் டொலராக்கும்போது இன்னோர் இடைவெளி. இதற்குப் பயந்து இலங்கை ரூபாவையே கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் ரூபாவை அங்கே வாங்குகிற கடை கிடைத்தாலும், கொடுக்கிற விலையைக் கேட்டால் வயிறு எரியும்.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும், கையில் காசில்லாமல் வெளியே போவதா என்று கணவர் பிடிவாதமாக 100 அமெரிக்க டொலரை மாற்றினார். 130 சிங்கப்பூர் டொலர் கிடைத்தது. மறுநாள் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் வீதியிலுள்ள காசு மாற்றும் கடையொன்றில் இரண்டாவது 100 டொலருக்கு 134 டொலர் 50 சதம் தந்தார்கள். மூன்றாவது தாளை மட்டும் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்தார். 2013இல் வந்த புதிய 100 டொலர் தாளில் ஒரு நீல நாடா உண்டு, சரித்துப் பார்த்தால் அதிலுள்ள மணிகள் 100 என்ற எண்ணாக மாறும். அதெல்லாம் சரியாகத்தான் மாறியது. ஆனால் தாளின் ஓரத்தில், யாரோ எந்தக் காலத்திலோ குத்திய ஒரு சின்னஞ்சிறு ஊதா முத்திரை இருந்தது. விரலால் அதைத் தடவிவிட்டு, ஒன்றும் பேசாமல் தாளைத் திருப்பித் தள்ளினார். பக்கத்துக் கடை விலையைக் குறைத்துத்தான் எடுத்தது. ஆகவே வங்கியில் தரும்போதே ஒவ்வொரு தாளையும் பாருங்கள். முத்திரை, பேனைக் கோடு, கிழிசல் இருந்தால் அங்கேயே மாற்றித்தரச் சொல்லுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

இனி என் வீரக்கதை. காசு குறைந்ததும் மகள் வீட்டுக்குக் கீழேயிருந்த ஏ.ரி.எம். இயந்திரத்தில் 400 சிங்கப்பூர் டொலர் எடுக்கப் போனேன். திரையில் இரண்டு தெரிவுகள் வந்தன. இந்த மாற்று விலைக்கு உடன்பட்டால் உங்கள் கணக்கில் இலங்கை ரூபாவாகக் கழிக்கப்படும் என்றது ஒன்று, மறுக்கிறேன் என்றது மற்றது. மறுத்தால் காசே வராது, அட்டையும் உள்ளே போய்விடும் என்று பயந்தேன். அதோடு, அந்நிய ஊரில் நம் ரூபாவின் பெயரைக் கண்டதும் சொந்தக்காரரைக் கண்டதுபோல ஒரு தைரியம் வந்தது. உடன்பட்டேன். பற்றுச்சீட்டைப் பார்த்த மருமகன், "மாமி, இலங்கைக் காசிலயோ அமத்தினீங்கள்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அந்த மெதுவில் எல்லாம் விளங்கிவிட்டது.

சீட்டில் 96,300 ரூபா என்றிருந்தது. 400ஐ 225ஆல் பெருக்கினால் 90,000. மாற்று விலையை நம் வங்கியோ அட்டை நிறுவனமோ போடாமல், அந்த இயந்திரத்தை நடத்துகிறவரே தன் இலாபத்தை வைத்துப் போடுவதுதான் இந்த ஏற்பாடு. எனக்கு அது 7 நூற்றுவீதம். மறுத்திருந்தால் காசு தாராளமாக வந்திருக்கும். கணக்கு சிங்கப்பூர் டொலரில் வந்து, அட்டை நிறுவனத்தின் விலைக்கு நம் வங்கி ரூபாவாக மாற்றியிருக்கும். கடைகளில் அட்டையை நீட்டும்போதும் இதே கேள்வி வரும், சில இடங்களில் காசாளரே நமக்காகத் தெரிவு செய்துவிடுவார். அந்த நாட்டு நாணயத்திலேயே கழிக்கச் சொல்லி, சீட்டில் அதைப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

அடுத்த வாரம் மறுத்து எடுத்த இன்னொரு 400 டொலருக்கு, வங்கியின் கட்டணங்களும் சேர்ந்து 92,800 ரூபா போனது, அதாவது 90,000க்கு மேல் 2,800. "அப்படியென்றால் உங்கள் நட்டம் 3,500தானே" என்று திருத்த வருகிறவர்கள் இருப்பார்கள். முதல் தடவையும் வங்கி தன் 2,800ஐ விடவில்லை, 96,300க்கு மேல் அதையும் எடுத்தது. நான் ஒரு தரத்துக்கு மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன், வித்தியாசம் 6,300தான்.

ஒரு சிங்கப்பூர் டொலருக்கு எனக்கு விழுந்த விலை, நல்ல தாளைச் சிராங்கூன் வீதியில் மாற்றியபோது 229 ரூபா, அட்டையில் மறுத்து எடுத்தபோது 232, விமான நிலையத்தில் 237, உடன்பட்டு எடுத்தபோது கிட்டத்தட்ட 248. உங்கள் வங்கியின் கட்டணம் வேறாக இருக்கலாம், ஆகவே இந்த எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். லண்டனிலும் சிட்னியிலும் இருப்பவர்கள் பல நாணய அட்டைகளைப் பற்றி எழுதுவார்கள். அவர்கள் சொல்வது பிழையல்ல, ஆனால் அவை அந்தந்த நாட்டு முகவரிக்குத் தரப்படுபவை. வங்கியைவிட நல்ல விலை தருவதாக ஊரில் காதுக்குள் சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். அனுமதி பெற்ற நாணய மாற்றுநர் யார் என்ற பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு: வந்திறங்கி ஓரிரு நாள் சமாளிக்கும் அளவுக்கும் சற்று மேலாகவும் சுத்தமான 100 டொலர் தாள்களைக் கொண்டுபோய் நகருக்குள் மாற்றுங்கள், மீதிக்கு அட்டை. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஒரு நிலையான கட்டணம் விழுவதால், ஐம்பது ஐம்பதாக எடுக்காமல் ஒரேயடியாக எடுங்கள். கடனட்டையில் மட்டும் காசு எடுக்க வேண்டாம், எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். புறப்படும் முன் வங்கிக்குப் போய் அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து தரச் சொல்லுங்கள். குற்றிக்காசை அங்கேயே செலவழித்துவிட்டு வாருங்கள், கட்டுநாயக்க விமான நிலையத்தில் தாளை மட்டுமே வாங்கினார்கள். என்னிடம் மிஞ்சிய 7 டொலர் 40 சதம் இன்னும் ஒரு தேயிலைப் பேணிக்குள் கிடக்கிறது.