ரெக்கார்டரை அணைத்த பிறகுதான் மனம் திறக்கிறார் என்றால்

மைக் முன்னால் அளந்து அளந்து பேசிய பெண்மணி, ரெக்கார்டரை அணைத்ததும் இறந்துபோன கணவர் விட்டுச்சென்ற கடனைப் பற்றிக் கொட்டித் தீர்த்தார், அதைப் பேட்டிப் பதிவில் நீங்களே உங்கள் குரலில் சொல்லிச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அவர் அதை உங்களை நம்பிச் சொன்னார். "அன்று கடைசியில் சொன்னதைப் பதிவில் பேச உங்களுக்குச் சம்மதமா?" என்று நேராகக் கேளுங்கள். மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

சம்மதித்தால், மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். ரெக்கார்டரின் ஒலி அளவு மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் இருந்தால், குரல் திடீரென உயர்ந்தாலும் பிசிறாது. அப்புறம் மீட்டரை மறந்துவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.

"கடன் தெரிந்தபோது எப்படி இருந்தது?" என்றால் "கஷ்டமாக இருந்தது" என்பதோடு முடிந்துவிடும். "அந்தப் பத்திரம் எங்கே இருந்தது? எவ்வளவு என்று போட்டிருந்தது? அன்று ராத்திரி யாரிடம் சொன்னீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்திரம் துணி அடுக்குக்கு அடியில் இருந்தது என்று சொல்லத் தொடங்கினால் மீதி தானாக வரும். அவர் நிறுத்தினால் குறுக்கே பேசாதீர்கள். பெரும்பாலும் முக்கியமான வாக்கியம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். எடிட் செய்யும்போதும் அந்த இடைவெளியை வெட்டிவிடாதீர்கள்.

கடன் கொடுத்தவரின் பெயரை நீக்கிவிடுங்கள், அவரிடம் நீங்கள் சம்மதம் வாங்கவில்லை. வெளியிடும் முன் அந்தப் பகுதியை அந்தப் பெண்மணியிடமே போட்டுக் காட்டுங்கள்.