வியேரி டான்ஸ் ஆடினாரா? – வாசகர் கேள்வி பதில்

98 உலகக் கோப்பையில் இத்தாலிக்காகக் கோல் கோலாகப் போட்ட கிறிஸ்டியன் வியேரி இப்போது என்ன செய்கிறார்? டிவியில் டான்ஸ் ஆடினார் என்று சொல்கிறார்களே, நிஜமா?
– வாசகர், கரூர்

நிஜம்தான். 2009இல் ஆட்டத்தை விட்டவர், 2012இல் இத்தாலி அரசுத் தொலைக்காட்சியான ராயில் 'பல்லாந்தோ கொன் லே ஸ்டெல்லே' நிகழ்ச்சிக்குப் போனார். பிரபலங்கள் தொழில்முறை நடனக் கலைஞர்களோடு ஜோடி சேர்ந்து ஆட, நடுவர்கள் மார்க் போடுவார்கள். டிஃபெண்டர்களைத் தோளால் இடித்துத் தள்ளியே பழகிய ஆறடி ஆசாமி அங்கே இடுப்பை வளைத்தார். பட்டம் வேறொருவருக்குப் போனது. அப்புறம் கால்பந்து விவாத நிகழ்ச்சிகளில் நாற்காலி கிடைத்தது. 2020 ஊரடங்கில் இன்ஸ்டாகிராம் நேரலையில் நண்பர்களோடு அரட்டை அடிக்கத் தொடங்கி, 2021இல் அதையே ட்விட்ச் தளத்தில் 'போபோ டிவி' என்று நடத்தினார். அவருடைய அப்பாவும் கால்பந்து வீரர், எல்லோருக்கும் அவர் 'பாப்'. அதனால் மகன் 'போபோ'.

சின்ன வயதில் வியேரி கிரிக்கெட் ஆடினார் என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். கதை விடுகிறானா சார்?
– வாசகி, மதுரை

மகனை நம்புங்கள் அம்மா. 1973இல் பொலோனியாவில் பிறந்த வியேரி, வளர்ந்தது சிட்னியில். அப்பா அங்கே இத்தாலியர்களின் மார்கோனி கிளப்புக்கு ஆடப் போனதால் குடும்பமும் கூடவே போனது. சிட்னிப் பையனுக்கு மட்டையைப் பிடிக்காமல் இருக்குமா? அவருடைய ஹீரோ ஆலன் பார்டர். 1986இல் நம் சேப்பாக்கத்தில் டை ஆன டெஸ்ட்டுக்கு ஆஸ்திரேலிய கேப்டனாக இருந்தாரே, அவரேதான். வியேரி பதின்ம வயதில் இத்தாலிக்குத் திரும்பி, ப்ராத்தோ ஊரில் தாத்தா வீட்டில் தங்கிக் கால்பந்து பழகினார். தம்பி மேக்ஸ் பிற்பாடு ஆஸ்திரேலிய அணிக்கே ஆடினார். வியேரி ஆங்கிலத்தில் பேட்டி கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், சிட்னி டாக்சி டிரைவர் பேசுகிற மாதிரியே இருக்கும்.

ஏன் அவர் எந்த கிளப்பிலும் நிலைத்து நிற்கவில்லை?
– வாசகர், ஈரோடு

1991இல் டோரினோ. அப்புறம் பீசா, ரவென்னா, வெனீசியா, அட்டலாண்டா, யுவென்டஸ், அத்லெடிகோ மாட்ரிட், லாசியோ. 1999இல் இன்டர் மிலான். எட்டு வருடத்தில் ஒன்பது கிளப்! ஆனால் ஒருவரும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. யுவென்டஸில் இருந்த ஒரே சீசனில் லீக் பட்டம். மாட்ரிட்டில் 24 லீக் ஆட்டங்களில் 24 கோல். லாசியோவுக்கு ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை. இறுதி ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் போட்டார்.

மாட்ரிட் காலத்து கோல் ஒன்று இருக்கிறது, தேடிப் பாருங்கள். 1997, கிரேக்கத்தின் பாவோக் அணியோடு ஆட்டம். கோல்கீப்பர் வெளியே ஓடி வந்துவிட்டார். பந்தோ எல்லைக்கோட்டைத் தாண்டப் போகிறது. விரட்டிப் போன வியேரி கிட்டத்தட்ட கோட்டின் மேலேயே நின்று இடது காலால் வளைத்து அடிக்க, பந்து சுழன்று போய் வலைக்குள் விழுந்தது. அந்தக் கோணத்தில் இருந்து கோல் கம்பமே சரியாகத் தெரியாது!

இன்டர் அவருக்குக் கொடுத்த விலை 9,000 கோடி லிரா. அன்றைக்கு உலக சாதனை. அங்கேதான் ஆறு வருடம் நின்றார், 190 ஆட்டங்களில் 123 கோல். கிடைத்த கோப்பை? 2005இன் இத்தாலியக் கோப்பை ஒன்றே ஒன்று. ரொனால்டோவும் (பிரேசில்காரர்) அவரும் ஜோடியாக ஆடுவார்கள் என்று ஊரே காத்திருந்தது. ஒருவர் தேறினால் மற்றவர் காயத்தில் படுத்துவிடுவார்.

கொரியாவோடு நடந்த ஆட்டத்தில் இத்தாலி தோற்றதற்கு நடுவர்தானே காரணம்?
– வாசகர், காரைக்குடி

பாதிதான். 2002 உலகக் கோப்பை, ஜூன் 18, நம் ஊரில் மாலை 5 மணி. அலுவலகத்தில் ஃபைலை மூடிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். சக வீரர் டொட்டியின் கார்னரை வியேரி தலையால் இடித்து 1–0 ஆக்கினார். 88ஆம் நிமிடம் கொரியா சமன் செய்தது. அடுத்த சில நிமிடங்களில் கோலுக்கு எதிரிலேயே, சில கஜ தூரத்தில், வியேரி காலுக்குப் பந்து வந்தது. நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். மேலே தூக்கி அடித்தார். கூடுதல் நேரத்தில் டொட்டிக்குச் சிவப்பு அட்டை, அப்புறம் கொரியாவின் கோல்டன் கோல் (கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும்). நடுவர் மொரேனோவை இத்தாலி இன்னும் திட்டுகிறது, திட்டட்டும். அந்த ஒரு பந்து உள்ளே போயிருந்தால் மொரேனோ பெயர் யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்?

வியேரியை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. இரண்டு உலகக் கோப்பைகளில் 9 கோல். இத்தாலியில் பாவ்லோ ரோசியும் ராபர்ட்டோ பாஜியோவும்தான் அவருக்குச் சமம். 2006 உலகக் கோப்பைக்கு முன்னால் தொடர்ந்து ஆட வேண்டும் என்பதற்காகவே இன்டருக்கு அடுத்து சேர்ந்த ஏசி மிலானை விட்டு மொனாக்கோவுக்குப் போனார். அங்கே முழங்கால் போயிற்று. அந்தக் கோப்பையைத்தான் இத்தாலி ஜெயித்தது.

பத்திரிகைக்காரர்களைக் கண்டாலே ஆகாதவர் எப்படி டிவி பக்கம் வந்தார்?
– வாசகர், தஞ்சாவூர்

நல்ல கேள்வி. 2004 யூரோ கோப்பையில் கோல் வராததால் பத்திரிகைகள் கிழித்தன. போர்ச்சுகலில் நிருபர்களைக் கூட்டி உட்கார வைத்து, நீங்கள் எல்லோரும் சேர்ந்தாலும் என் ஆண்மைக்கு ஈடாக மாட்டீர்கள் என்று பொரிந்து தள்ளினார். அதே மனிதர் இன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் ஆட்டத்தைப் பிரித்து மேய்கிறார். எனக்கு இதில் வியப்பில்லை. அவருக்குப் பேச்சு பிடிக்காமல் இல்லை, தன்னைப் பற்றி அடுத்தவர் பேசுவதுதான் பிடிக்கவில்லை. மைக் தன் கையிலேயே இருந்துவிட்டால் அந்தத் தொல்லை பாதி தீர்ந்தது.

போபோ டிவி ஏன் உடைந்தது?
– வாசகி, கோவை

வியேரி, அடானி, கசானோ, வென்டோலா. நால்வரும் இத்தாலிய அணிகளில் ஆடியவர்கள், நால்வருக்கும் வாய் நீளம். கசானோ வாயைத் திறந்தால் மறுநாள் தலைப்புச் செய்தி. 2022இல் இத்தாலி தகுதி பெறாத உலகக் கோப்பையின்போது ராய் தொலைக்காட்சியே இவர்களுக்கு இடம் கொடுத்தது. 'இது அரசு சேனலா, டீக்கடையா?' என்கிற ரீதியில் விமர்சனங்கள் வந்தன. 2023 கடைசியில் வியேரியைத் தவிர மற்ற மூவரும் பிரிந்து 'விவா எல் ஃபுட்போல்' என்று தனிக்கடை போட்டார்கள்.

நால்வரும் ஒன்றாக இருந்தபோதுதான் நிகழ்ச்சி களை கட்டியது. வியேரி தனியாக அவ்வளவு சுவாரசியமானவர் இல்லை. கசானோ கொளுத்திப் போட, அவர் சிரித்து ஊதிவிடுவதில்தான் ருசி.

சென்னையின் எஃப்சிக்கு வியேரி வந்ததுண்டா?
– வாசகர், வியாசர்பாடி

இல்லை. வந்தவர் இன்டரில் அவருடன் ஆடிய மாத்தராசி. 2015இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர். பெயர்க் குழப்பம் வேண்டாம்.