இருபது கோடிக்கு ஜெட் விமானமா?

கேள்வி: நான் ஒரு நூற்பாலையில் கணக்கு மேலாளர். 1990-களில் தயாரான கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி4 ஜெட் ஒன்று இருபது கோடி சொச்சத்துக்கு வருகிறதாம், வாங்கிப் போட்டுவிடலாம் என்கிறார் முதலாளி. மாதம் இரண்டு தடவை டெல்லி போய்வருகிறார். லாபம்தானே? – ஒரு வாசகர், கோவை

பதில்: லாபமே இல்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அவ்வளவு பெரிய விமானம் இந்த விலைக்கு ஏன் வருகிறது என்று விசாரித்தாரா? அதன் இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் ‘டே’ (Tay) ரக இன்ஜின்களும் 8,000 மணி நேரம் ஓடினால் பிரித்துப் புதுப்பிக்கும் முழு ஓவர்ஹாலுக்குப் போக வேண்டும், நடுவில் 4,000-ல் ஒரு பெரிய சோதனை வேறு. அந்தச் செலவு விமானத்தின் இன்றைய விலையையே தாண்டிவிடும் என்பதால், நன்றாகப் பறக்கிற ஜி4-களைக்கூடப் பிரித்து உதிரிபாகமாக விற்றுவிடுகிறார்கள். தோல் சீட்டைத் தடவிப் பார்க்காமல் இன்ஜின் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று எழுதிவைத்த லாக் புக்கைப் புரட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், நின்றாலும் தின்கிற செலவு. இரண்டு பைலட், ஒருவர் லீவு போட்டால் மூன்றாமவர், வருடாவருடம் அவர்களுக்கு சிமுலேட்டர் பயிற்சி, இன்ஷூரன்ஸ், நிறுத்துமிட வாடகை, ஒரு மணி நேரம்கூடப் பறக்காவிட்டாலும் தேதி வந்தால் செய்தே தீர வேண்டிய பராமரிப்பு. எல்லாம் சேர்ந்து ஒரு பேச்சுக்கு வருடம் 5 கோடி என்று வையுங்கள். போகவர ஆறு மணி நேரம் என்றால், வருடம் 24 தடவைக்கு உங்கள் முதலாளி பறப்பது 144 மணி நேரம். மணிக்கு மூன்றரை லட்சம் ஆகிவிட்டது, டாங்கில் இன்னும் ஒரு சொட்டு ஊற்றவில்லை! ஊற்றினால் மணிக்குச் சுமார் 1,700 லிட்டர் குடிக்கும்.

நின்றுபோன விமானத்தின் கதி என்ன என்பதற்கு மும்பையே சாட்சி. வரி பாக்கிக்காகப் பறிமுதலான விஜய் மல்லையாவின் ஏர்பஸ் ஏ319 விமானத்துக்கு அரசு வைத்த அடிப்படை விலை 152 கோடி, 2016 ஏலத்தில் வந்த அதிகபட்சக் கேட்பு 1.09 கோடி. இடத்தைக் காலி செய்யச் சொல்லி விமான நிலையத்தார் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். கடைசியில் 2018-ல் 34.8 கோடிக்குப் போனது.

வாடகைக்கு விட்டு ஈடுகட்டலாம் என்பார். சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த விமானத்தில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது, அதற்குத் தனி அனுமதி வாங்கி ஒரு விமான நிறுவனமே நடத்த வேண்டும். நூற்பாலைக்கு எதற்கு அந்த வேலை?

விமானத்தை முழுசாக வாடகைக்கு விடும் சார்ட்டர்காரர்கள் இரண்டு பேரிடம் கோவை–டெல்லி போகவர விலை கேட்டு, 24-ஆல் பெருக்கி, இந்தக் கணக்கையும் சேர்த்து அவர் மேசையில் வையுங்கள். முன்பணம் கொடுப்பதற்குள் வையுங்கள்.