வாசகர் கேள்வி பதில்: பர்கருக்குள் எந்தச் சோஸ்?

திருகோணமலைக் கடற்கரையோரச் சாப்பாட்டுக்கடைகளில் விற்கப்படும் பர்கர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்புக்குப் பல கடிதங்கள் வந்துள்ளன. பணிஸுக்குள் இறைச்சியோடு எதைப் பூசுவது, அது ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதே பெரும்பாலானவர்களின் கேள்வியாக இருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி (உப்புவெளியில் சிறிய உணவகம் நடத்தும் வாசகர்): மே மாதம் முதல் செப்டெம்பர் வரை எங்கள் கடைக்கு வெளிநாட்டவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். ஒருவர் கடுகுச் சோஸ் மட்டும் போதும் என்கிறார். இன்னொருவர் மயோனைஸ் கேட்கிறார். அவுஸ்திரேலியர் ஒருவர் பீட்ரூட் இல்லையா என்று கேட்டுவிட்டார். இவற்றில் சரியான முறை எது? எல்லாவற்றையும் சேர்த்துப் பூசிக் கொடுத்துவிட்டால் ஒருவருக்கும் குறை இருக்காது அல்லவா?

பதில்: எல்லாவற்றையும் சேர்த்துப் பூசுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தக்காளிச் சோஸின் இனிப்பும் மிளகாய்ச் சோஸின் காரமும் மயோனைஸின் கொழுப்பும் ஒன்றாகக் கலந்தால் இறைச்சியின் சுவை அடியோடு மறைந்துவிடும். பணிஸும் ஊறி, கையில் எடுக்கும்போதே பிய்ந்துபோகும்.

சரியான முறை என்று ஒன்று பர்கரின் சொந்த நாடான அமெரிக்காவிலேயே கிடையாது. டெக்சஸ் மாநிலத்தின் கோர்பஸ் கிறிஸ்டி நகரில் 1950 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வாட்டாபர்கர் நிறுவனத்தில் கேட்காமலே பூசித் தருவது மஞ்சள் கடுகுச் சோஸைத்தான். தக்காளிச் சோஸ் வேண்டுபவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். மக்டொனால்ட்ஸின் சாதாரண ஹம்பர்கரில் தக்காளிச் சோஸும் கடுகும் சேர்ந்து வருவதுதான் அந்நாட்டின் பெரும்பகுதியில் வழக்கம் என்றாலும், நியூயோர்க் நகரையும் அதை அண்டிய பகுதிகளையும் சேர்ந்த கடைகளில் கடுகை விட்டுவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் 1948 இல் தொடங்கிய இன்-அன்-அவுட் கடைகளில், மயோனைஸும் தக்காளியும் இனிப்பு ஊறுகாயும் சேர்ந்த வகையிலான இளஞ்சிவப்புச் சோஸைப் பூசுகிறார்கள். கரோலினா மாநிலங்களுக்குப் போனால், காரமாகச் சமைத்த கொத்திறைச்சி, பொடியாக அரிந்த கோவா, வெங்காயம், கடுகு ஆகிய நான்கும் பர்கரின் மேல் ஏறும். நியூ மெக்சிகோவில் சோஸையே தேட வேண்டியதில்லை; நெருப்பில் சுட்டுத் தோலுரித்து வெட்டிய பச்சை மிளகாயைச் சீஸோடு வைத்துவிட்டால் அந்த மக்களுக்கு அதுவே நிறைவு.

உங்களிடம் பீட்ரூட் கேட்ட அவுஸ்திரேலியர் தம் ஊர் வழக்கத்தைத்தான் கேட்டிருக்கிறார். அங்கும் நியூசிலாந்திலும் வினாகிரியில் ஊறிய டின் பீட்ரூட் துண்டும் பொரித்த முட்டையும் பர்கருக்குள் இருப்பது நெடுங்காலப் பழக்கம். அன்னாசித் துண்டை வைப்பவர்களும் உண்டு. இது அந்த நாடுகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. டென்மார்க்கில் கொத்திறைச்சிப் பணிஸோடு பீட்ரூட் ஊறுகாயும் பொரித்த வெங்காயமும் வைத்து, மேலே இறைச்சிக் குழம்பையும் ஊற்றிக் கொடுப்பார்கள்.

இந்த வேறுபாடுகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கொத்திறைச்சியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தால்தான் பர்கர் காய்ந்துபோகாமல் இருக்கும். அந்தக் கொழுப்பு நாக்கில் படிந்து திகட்டாமல் இருக்க ஏதேனும் ஒரு புளிப்பு தேவை. அந்தப் புளிப்பைத் தக்காளியிலிருந்தோ, வினாகிரியில் அரைத்த கடுகிலிருந்தோ, ஊறவைத்த பீட்ரூட்டிலிருந்தோ, ஒவ்வோர் ஊரும் தன் சமையலறையில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மரக்கறிச் சந்தையில் கிடைக்கும் பீட்ரூட்டை அவித்து, வட்டமாக வெட்டி, வினாகிரி, சீனி, உப்பு, நொறுக்கிய மிளகு ஆகியவற்றில் ஓர் இரவு ஊறவைத்தால் உங்கள் கடைக்கு டின் தேவைப்படாது. பரிமாறுவதற்கு முன் துண்டைச் சுத்தமான துணியில் ஒற்றி எடுத்து, சலாது இலைக்கும் இறைச்சிக்கும் நடுவில் வையுங்கள். பணிஸில் நேரடியாகப் பட்டால் சில நிமிடங்களிலேயே அது சிவந்து கூழாகிவிடும். சோஸ்களைச் சிறு கிண்ணங்களில் தனித்தனியாக மேசைக்கு அனுப்பி, எதைப் பூசுவது என்பதை வாடிக்கையாளரிடமே விட்டுவிடுவதுதான் உங்களுக்கு நல்லது.

கேள்வி (நிலாவெளி வாசகர்): அமெரிக்காவில் சோஸ் கேட்டால் மறுத்துவிடும் கடை ஒன்று இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரிலுள்ள லூயிஸ் லஞ்ச் என்னும் சிறிய கடை அது. ஹம்பர்கரை முதலில் விற்றவர்கள் தாங்களே என்று உரிமை கோரும் சிலருள் அந்தக் குடும்பமும் ஒன்று. பணிஸுக்குப் பதிலாக வாட்டிய பாண் துண்டுகளுக்கு நடுவில் இறைச்சியை வைக்கிறார்கள். சீஸ், தக்காளி, வெங்காயம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். தக்காளிச் சோஸ், கடுகு, மயோனைஸ் ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. இறைச்சியின் தரத்தில் அவ்வளவு நம்பிக்கை உள்ளவர்கள் அப்படிச் சொல்வதை நான் மதிக்கிறேன்.

கேள்வி (உவர்மலை வாசகி): கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன், இங்கே வாங்கிய பர்கரில் கடுகுச் சோஸ் இல்லை என்று மனம் வருந்தினான். வீட்டிலிருந்த கடுகை அம்மியில் அரைத்துக் கொடுத்தேன். கசக்கிறது என்று ஒதுக்கிவிட்டான். அவர்கள் சாப்பிடும் கடுகு வேறா?

பதில்: ஆம் அம்மா, அது வேறு கடுகுதான். வட அமெரிக்காவில் பர்கருக்குப் பூசும் சோஸ் வெண்கடுகில் செய்யப்படுவது. அதன் காரம் நாக்கோடு நின்றுவிடும். நாம் தாளிக்கும் கருங்கடுகின் காரமோ மூக்கில் ஏறும். சோஸின் அந்தப் பளிச்சென்ற மஞ்சள் நிறம் கடுகிலிருந்து வருவதன்று. அதில் நம் மஞ்சள் தூளைத்தான் சேர்க்கிறார்கள். 1904 ஆம் ஆண்டு சென் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பிரெஞ்ச்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய சோஸே இன்றுவரை இதற்கு முன்மாதிரியாக இருக்கிறது.

இருந்தாலும், வீட்டுக் கடுகைக் கொண்டே பேரனுக்குப் பிடித்த மாதிரிச் செய்து கொடுக்கலாம். கடுகு நசுங்கி நீர் படும்போதுதான் அதிலுள்ள நொதியம் வேலை செய்து காரத்தை உண்டாக்குகிறது. வெந்நீர் ஊற்றினால் அந்த நொதியம் கெட்டுக் கசப்பே மிஞ்சும். வினாகிரியின் புளிப்பு அதன் வேகத்தை மட்டுப்படுத்திக் காரத்தை நிலைக்க வைக்கும். ஆகவே நான்கு மேசைக்கரண்டிக் கடுகை அது மூழ்கும் அளவு வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, கால் தேக்கரண்டி மஞ்சள், அளவான உப்பு, இரண்டு தேக்கரண்டி சீனி ஆகியவற்றோடு விழுதாக அரைத்துப் போத்தலில் அடையுங்கள். முக்கியமானது அதற்குப் பிறகுதான்: அரைத்த அன்றே பரிமாறாதீர்கள். குளிர்சாதனப்பெட்டியில் சில நாட்கள் இருந்தால் கசப்பு பெரிதும் தணிந்துவிடும். அச்சாறு போடும் வீடுகளில் கடுகு விழுதை வினாகிரியோடு சேர்த்து ஊறவிடுவதன் பயனும் இதுவே.

கேள்வி (கிண்ணியா வாசகர்): வீட்டில் முட்டையைப் பச்சையாக அடித்துச் செய்யும் மயோனைஸ் நம் வெயிலுக்கு எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: 32 பாகைக்கு மேல் வெப்பம் உள்ள நாளில், அடித்து முடித்த நேரம் முதல் மொத்தம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, வெப்பம் குறைந்த நாளிலும் இரண்டு மணித்தியாலமே எல்லை. பச்சை முட்டையில் சல்மனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால்தான் கேரளம் 2023 இலும் தெலங்கானா 2024 இலும் தமிழ்நாடு 2025 இலும் பச்சை முட்டை மயோனைஸ் விற்பதைத் தடை செய்தன. சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் அதைச் செய்யவே வேண்டாம். கடையில் விற்கும் போத்தல் மயோனைஸ் பதப்படுத்திய முட்டையில் செய்யப்படுவது. திறந்த பிறகு அதையும் குளிரில்தான் வைக்க வேண்டும்.

கேள்வி (மூதூர் வாசகி): என் மகன் மாட்டிறைச்சி பர்கருக்குத் தக்காளிச் சோஸை விட்டுவிட்டுச் சீனிச் சம்பலை வைக்கிறான். வீட்டுக்கு வந்த உறவினர்கள் இது பர்கரே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் மகனின் கை நல்ல கை என்று சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

சீனிச் சம்பலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மெல்லிய தீயில் நிறம் மாறும் வரை வதங்கிய வெங்காயம், பழப்புளி, சீனி, மிளகாய்த் தூள், மாசி, அவற்றோடு கறுவா, ஏலம், கராம்பு, ரம்பை. தக்காளிச் சோஸ் தரும் இனிப்பும் புளிப்பும் இதில் இருக்கின்றன. அது தராத காரமும் வாசமும் இதில் கூடுதலாக இருக்கின்றன. வதக்கிய வெங்காயமும் கொத்திறைச்சியும் சேர்வது உலகுக்குப் புதிதும் அன்று. ஒக்லஹோமா மாநிலத்தின் எல் ரீனோ ஊரில், இறைச்சிக்குக் காசு போதாத காலத்தில், மெல்லியதாக அரிந்த வெங்காயத்தை இறைச்சிக்குள் அழுத்திச் சுட்டு அளவைக் கூட்டினார்கள். தட்டுப்பாடு நீங்கிய பிறகும் அந்த ஊர் அந்தச் சுவையை விடவில்லை. யப்பானில் மொஸ் பர்கர் நிறுவனம் 1973 இல் சோயாச் சோஸும் இனிப்பும் சேர்ந்த தெரியாக்கி பர்கரை விற்கத் தொடங்கியபோதும் நடந்தது இதுவே: வீட்டில் ஏற்கெனவே பழகிய சுவை பணிஸுக்குள் போனது. நம் பேக்கரிகளில் சீனிச் சம்பல் பணிஸ் விற்காத பேக்கரி உண்டா? பணிஸும் சீனிச் சம்பலும் ஒன்றையொன்று நன்றாக அறிந்தவை. உங்கள் மகன் நடுவில் இறைச்சியை வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இரண்டு யோசனைகளை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். சம்பலை வடிதட்டில் சிறிது நேரம் வைத்து எண்ணெயை இறக்கிவிட்டுப் பூச வேண்டும். சம்பல் இனிப்பாக இருப்பதால், இறைச்சியில் மிளகைத் தாராளமாகச் சேர்த்து, தேசிக்காய்ப் புளியில் உப்போடு ஊறிய வெள்ளரித் துண்டுகள் இரண்டையும் உள்ளே வைத்தால் திகட்டாது. கட்டைச் சம்பலை வைக்க விரும்பினால் இறைச்சியில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். மாசியும் உப்பும் அந்தச் சம்பலிலேயே போதுமான அளவு இருக்கின்றன.

கேள்வி (திருகோணமலை நகர வாசகர்): பாரை மீனில் பர்கர் செய்கிறோம். தக்காளிச் சோஸ் அதற்குப் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில்: உங்களுக்குத் தோன்றுவது சரி. மீனில் கொழுப்புக் குறைவு. ஆகவே சோஸிலிருந்துதான் அது வர வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்ணாத கத்தோலிக்கர்கள் நிறைந்த சின்சினாட்டி நகரப் பகுதியில் மக்டொனால்ட்ஸ் கடை நடத்திய லூ குரோன் என்பவர் 1962 இல் மீன் பர்கரை விற்கத் தொடங்கினார். மயோனைஸில் ஊறுகாயை அரிந்து கலந்த டார்டர் சோஸே இன்றும் அதற்குத் துணையாக வருகிறது. நீங்கள் மயோனைஸில் தேசிக்காய்ப் புளி, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய் ஆகியவற்றைக் கலந்து பாருங்கள். பிடித்த அன்றே சமைக்கும் பாரைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

கேள்வி (தம்பலகாமம் வாசகி): எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிதான். அவித்த உருளைக்கிழங்கும் கடலையும் சேர்த்துத் தட்டிப் பொரித்துப் பிள்ளைகளுக்குப் பர்கர் செய்து கொடுக்கிறேன். அதற்கு எது நல்லது? தேங்காய்ச் சம்பல் வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். 1996 இல் இந்தியாவுக்கு வந்த மக்டொனால்ட்ஸ், மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் முற்றாக விட்டுவிட்டு, உருளைக்கிழங்குக் கட்லட் வைத்த பர்கரையே அந்த நாட்டுக்கென உருவாக்கியது. அங்கே முட்டை சேராத மயோனைஸ் பரவலாக விற்கப்படுகிறது. இங்கே கடையில் வாங்கும்போது போத்தலின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். உருளைக்கிழங்கு மாவுத்தன்மை உடையது, தனியே உண்டால் தொண்டையில் அடைக்கும். ஆகவே அதற்குத் தேவை ஈரமும் புளிப்பும். தேங்காய்ப் பூவை மிளகாயோடும் வெங்காயத்தோடும் மாசி சேர்க்காமல் இடித்து, வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகத் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். சீனிச் சம்பல் வைப்பதானாலும் வெள்ளிக்கிழமைக்கென்று மாசியில்லாமல் தனியாக வதக்க வேண்டும். பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுபோவதானால் தேங்காய்ச் சம்பலைத் தவிர்த்துவிடுங்கள், இடைவேளைக்குள் அது புளித்துவிடும். அந்த நாட்களுக்குப் புதினாவையும் பச்சை மிளகாயையும் தேங்காயில்லாமல் தேசிக்காய்ப் புளி விட்டு அரைத்துப் பூசி அனுப்பலாம்.