மனம் தளர்ந்த படைப்பிரிவை மீட்டெடுத்தல்: கேள்வி பதில்

ஆயுதப் படையில் அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது கோலாலம்பூரில் வசிக்கும் நம் மூத்த உறுப்பினர் மற்ற உறுப்பினர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

செந்தூல் உறுப்பினர்: ஐயா, சீர்குலைந்த பிரிவுக்குப் புதிதாகச் செல்லும் கட்டளை அதிகாரி, முதல் நாளிலேயே அனைவரையும் திரட்டி உரையாற்றுவது பயன் தருமா?

உரையாற்றுவதில் தவறில்லை. ஆனால் முன்பிருந்தவரும் அதே திடலில் நின்று அவ்வாறே பேசியிருப்பார். விடுப்பு நேர்மையாகப் பகிரப்படுகிறதா, கொடுத்த புகார் எங்கே போயிற்று என்பதைத்தான் வீரர்கள் கவனிப்பார்கள். முதல் உலகப் போரில், 1917-இல் பெரும் உயிரிழப்புக்குப் பின் பிரெஞ்சுப் படைப்பிரிவுகள் பல, அகழியைக் காப்போம், ஆனால் வீணான தாக்குதலுக்குப் போகமாட்டோம் என்று மறுத்தன. படைத் தலைமைப் பொறுப்பேற்ற தளபதி பெத்தேன் 500-க்கு மேற்பட்ட மரண தண்டனைகளில் 50-க்கும் குறைவானவையே நிறைவேற விட்டார்; நான்கு மாதங்களுக்கு ஒருமுறை 7 நாள் விடுப்பை உறுதிசெய்து, உணவையும் ஓய்வையும் சீராக்கி, பிரிவு பிரிவாகச் சென்று குறை கேட்டார். பிற்காலத்தில், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரோடு ஒத்துழைத்து அவர் நாட்டுக்குச் செய்ததை எண்ணினால் அவரை முன்மாதிரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டில் அவர் செய்தது சரி.

பட்டர்வொர்த் உறுப்பினர்: இப்படி இரங்கினால் ஒழுங்கு தளர்ந்துவிடாதா?

இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் பிரிட்டிஷ் 14-ஆம் படையை நடத்திய ஜெனரல் ஸ்லிம்மைப் பாருங்கள். முன்னணி வீரர்களுக்கு அரைப்பங்கு உணவு என்றால், தம் தலைமையகத்துக்கும் அரைப்பங்குதான் என்று ஆணையிட்டார். அவரே மலேரியா மாத்திரை விஷயத்தில் சற்றும் இளகவில்லை. திடீர்ச் சோதனையில் 95 விழுக்காட்டுக்குக் குறைவானோர் மாத்திரை உட்கொண்டிருந்தால், பதவி பறிபோனது அப்பிரிவின் அதிகாரிக்கு. மூவரை நீக்கியதும் மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள். கண்டிப்பு மேலிருந்து தொடங்கினால் கீழே இருப்பவன் அதை அநீதியாக எண்ணுவதில்லை.

பாயான் லெப்பாஸ் உறுப்பினர்: என் தம்பி இளநிலை அதிகாரி. அவனுடைய பிரிவில் திறமையும் செல்வாக்கும் உள்ள சார்ஜன் ஒருவர் புதியவர்களைப் பகடிவதை செய்கிறார். எல்லாரும் அவர் பக்கமே நிற்கிறார்கள். தம்பி என்ன செய்ய வேண்டும்?

எல்லாரும் அவர் பக்கம் என்பதை நான் நம்பமாட்டேன். அஞ்சுபவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பார்கள். 2017-இல் கோலாலம்பூர் சுங்கை பெசியிலுள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில், மடிக்கணினியைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பயிற்சி மாணவர் ஒருவர், விடுதி அறையில் சக மாணவர்களின் சித்திரவதைக்கு ஆளாகி உயிரிழந்தார். இத்தகைய கொடுமை சுற்றியிருப்போரின் மௌனத்தில்தான் வளர்கிறது. ஆகவே தம்பி முதலில் பாதிக்கப்பட்டவர்களைத் தனித்தனியே, சார்ஜனின் பார்வை படாத இடத்தில் சந்தித்து, அவர்கள் சொல்வதைத் தேதியுடன் எழுதிக்கொள்ளட்டும். அடுத்து, சார்ஜனை வீரர்கள் முன்னிலையில் அவமதிக்காமல், மேலதிகாரியிடம் எழுத்து மூலமாகவே அறிக்கை கொடுக்கட்டும். வாய்மொழிப் புகார் தேநீரோடு கரைந்துவிடும். விசாரணை முடியும் வரை புதியவர்களைச் சார்ஜனின் பொறுப்பிலிருந்து மாற்றுவது மிக அவசியம். இல்லையேல் பேசியவன்தான் இரவில் அடி வாங்குவான். நல்ல சார்ஜனை இழப்பது கடினமே, ஆனால் அவரைக் காப்பாற்றினால் தம்பியின் அடுத்த கட்டளையை ஒருவனும் மனதார ஏற்கமாட்டான்.

பிரிக்பீல்ட்ஸ் உறுப்பினர்: நம் மலாயாத் தமிழர்கள் சேர்ந்திருந்த இந்திய தேசிய ராணுவத்தில், தளர்ந்த படையை மீட்டதற்கு உதாரணம் உண்டா?

உண்டு. 1942 டிசம்பரில் அதன் முதல் தளபதி மோகன் சிங் ஜப்பானியரால் கைதாகி அப்படை ஏறக்குறையச் சிதறிவிட்டது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பின்பே மீண்டும் எழுந்தது. அதற்கு அவருடைய பேச்சாற்றலைக் காரணம் காட்டுவார்கள். எனக்குப் பெரிதாகப்படுவது 1945 ஏப்ரல்: தோல்வி உறுதியான நிலையிலும், ஜான்சி ராணிப் படைப் பெண்கள் வெளியேற ஏற்பாடு ஆகும்வரை ரங்கூனை விட்டுப் புறப்பட மறுத்து, பிறகு அவர்களோடு பாங்காக் திசையில் நெடுந்தூரம் நடந்தார்.

மீண்டும் செந்தூல் உறுப்பினர்: பிரிவு தேறி வருகிறது என்பதை எப்படி அறிவது?

இடமாற்ற விண்ணப்பங்கள், அனுமதியின்றி விடுப்பெடுத்தல், மருத்துவ விடுப்பு ஆகிய மூன்றும் குறைய வேண்டும். புகார்களோ முதலில் கூடும். பேசினால் கேட்பார்கள் என்று வீரர்கள் நம்பத் தொடங்கியதன் அடையாளம் அது. அந்த எண்ணிக்கையைக் காட்டி மேலிடம் புதிய அதிகாரியைக் கண்டித்தால், அடுத்த மாதம் புகார் ஏடு மறுபடியும் காலியாகவே இருக்கும்.